முன் பிரேக்கைப் பற்றி நான் சொன்னது

மோட்டார் சைக்கிளை ஓட்டக் கற்றுக்கொள்வது பெரிய விஷயமில்லை. நிறுத்தக் கற்றுக்கொள்வதற்குத்தான் நாளாகும். என் வகுப்பில் முதல் நாள் முதல் பேச்சாக இதைத்தான் சொல்வேன்.

எனக்கு அரைக் கிண்ணம்தான் தேநீர் ஊற்றியிருக்கிறீர்கள் இன்ஸ்பெக்டர் ஐயா. மரியாதை தெரிந்தவர் நீங்கள். நான் பட்டம் வாங்கி நம் ஊர் நாரினுக்குத் திரும்பியபோது அப்பா கூடாரம் போட்டு, ஆடு அறுத்து ஊரையே கூப்பிட்டார். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறியவள் நான் ஒருத்திதான். சாப்பாடு முடிந்ததும் மாமாக்களுக்குத் தேநீர் ஊற்ற என்னை உட்கார வைத்தார்கள். தலைநகரில் இருந்த பழக்கத்தில் எல்லோருக்கும் கிண்ணம் நிறைய ஊற்றிவிட்டேன். கிண்ணத்தை நிறைத்தால் விருந்தாளியைக் கிளம்பச் சொல்வதாக அர்த்தம் என்பது மறந்தே போய்விட்டது. "பட்டத்த வாங்கிட்டு நம்மளையெல்லாம் வீட்டுக்குப் போகச் சொல்றா" என்றார் பெரிய மாமா. கூடாரமே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள்.

தலைநகரில் என் மலைநாட்டு உச்சரிப்புக்குச் சிரித்தார்கள். ஊரில் என் படிப்புக்குச் சிரித்தார்கள். இதை அனுதாபம் தேடிச் சொல்லவில்லை ஐயா. பின்னால் வரப்போகும் விஷயத்துக்கு இது வேண்டியிருக்கிறது.

எங்கள் பள்ளியில் வண்டி பழகிய சினார் இறந்தது பற்றி நீங்கள் ஏற்கெனவே ஒரு முறை என்னைக் கூப்பிட்டு விசாரித்தீர்கள். பழகுபவர்களின் வண்டிகளில் முன் பிரேக்கைத் தளர்த்தி விடுவது யாருடைய வழக்கம் என்று கேட்டீர்கள். குபாத் அண்ணனுடைய வழக்கம் என்று சொன்னேன். அது உண்மை, பள்ளியில் எல்லோருக்கும் தெரிந்த உண்மை. அதற்கு மேல் நீங்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

குபாத் அண்ணன் எங்கள் ஓட்டுநர் பள்ளியில் செய்முறை வாத்தியார். நான் பாட வாத்தியார். அவர் ஆடு மேய்த்தவர், பிறகு லாரி ஓட்டியவர், எப்போது வந்தாலும் நான்கு பேரைச் சிரிக்க வைத்துவிட்டுப் போகிறவர். இந்த மாவட்டத்தில் இரண்டு சக்கரத்தில் போகிற பாதிப் பேர் அவரிடம் கற்றவர்கள்தான். அவர் சொல்லிக்கொடுப்பது முழுக்கத் தப்பு.

ஏன் தப்பு என்பதை நீங்களும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஓடுகிற வண்டியை நிறுத்தும்போது அதன் பாரமெல்லாம் முன்னால் சாய்கிறது. முன் சக்கரம் தரையை அழுத்திப் பிடிக்கிறது, பின் சக்கரம் லேசாகிவிடுகிறது. அதனால் வண்டியை உண்மையில் நிறுத்துவது முன் பிரேக்தான். பின் பிரேக் கூடமாட இருந்து உதவும், அவ்வளவுதான். ஹேண்டில்பார் நேராக இருக்க வேண்டும், பார்வை தூரத்தில் இருக்க வேண்டும், பிரேக்கை வெடுக்கென்று பிடிக்கக் கூடாது. பெண் குதிரையிடம் பால் கறக்கும்போது காம்பை முதலில் விரலுக்குள் சேர்த்து, பிறகு மெல்ல மெல்ல இறுக்குவோமே, அப்படி. இறக்கத்தில் சின்ன கியரில் போட்டு, எஞ்சினையே இழுத்துப் பிடிக்க விட வேண்டும். வெறும் பின் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் டிரம் சூடாகி, ஒரு கட்டத்துக்கு மேல் பிடிக்கவே பிடிக்காது.

நம் ஆட்களுக்கு இது ஏறாது. நீங்களும் குதிரை மேல் வளர்ந்தவர்தான், உங்களுக்கே தெரியும். இறக்கத்தில் பாய்கிற குதிரையின் கடிவாளத்தைச் சுண்டி அதன் வாயை இழுத்தால் அது தலையைத் தாழ்த்தும், ஏறியிருப்பவன் கழுத்துக்கு மேலே பறப்பான். ஆகவே எதை நிறுத்துவதானாலும் பின்பக்கத்தில் இருந்துதான் நிறுத்த வேண்டும் என்பது நம் எலும்பில் ஊறியிருக்கிறது. குதிரைக்கு இறக்கத்தில் மூச்சு வாங்க விடுவோம். அதே மாதிரி கணவாய் உச்சியில் வண்டியை நியூட்ரலில் போட்டு, எஞ்சினுக்கு மூச்சு விடக் கொடுத்துவிட்டு, சத்தமில்லாமல் உருண்டு இறங்குவார்கள். குபாத் அண்ணன் தன் மாணவர்களின் வண்டிகளில் முன் பிரேக் கேபிளின் நட்டைத் திருகித் தளர்த்தியே விட்டுவிடுவார். கைப்பிடியை எவ்வளவு அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. தன் பிள்ளைகள் தலைகுப்புற விழக் கூடாது என்றுதான் செய்தார்.

நான் சேர்ந்த புதிதில் கரும்பலகையில் பாரம் எப்படி முன்னால் நகர்கிறது என்று அம்புக்குறி போட்டு விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் கதவோரம் நின்று கேட்டுவிட்டு உள்ளே வந்தார். என் கையில் இருந்த சாக்குக்கட்டியை வாங்கிப் பக்கத்திலேயே ஒரு குதிரை வரைந்தார்.

"இதோட வாயப் பிடிச்சு வெடுக்குனு இழுத்தா யாருடா கீழ விழுவா?"

"நாமதாண்ணே," என்றது வகுப்பு.

"அப்ப இந்த அம்புக்குறி என்ன சொல்லுது?"

"குதிரைக்குப் படிப்பு வராதுன்னு சொல்லுதுண்ணே," என்றான் ஒருவன்.

முன் பிரேக்குக்கு மாமியார் என்று பெயர் வைத்ததும் அவர்தான். "வீட்ல இருக்கட்டும், மரியாதையா பாத்துக்கங்க, ஆனா கை வைக்காதீங்க" என்பார். அந்தக் குதிரையை நான் அழித்தால் அடுத்த நாள் யாராவது மறுபடியும் வரைந்து வைத்திருப்பார்கள். பிறகு அழிப்பதை விட்டுவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், சொல்ல நாக்கு கூசுகிறது. எனக்கு அப்போது வண்டி ஓட்டத் தெரியாது. புத்தகத்தில் இருந்ததெல்லாம் தெரியும். ஒருநாள் முற்றத்தில் எல்லோர் முன்னாலும் அவர் ஒரு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். "நீயே ஓட்டிக் காட்டும்மா, நாங்க கத்துக்கறோம்" என்றார். ஏறினேன். கட்டடத்தைச் சுற்றி ஒரு சுற்று ஒழுங்காகத்தான் வந்தேன். நிறுத்தும்போது ஹேண்டில்பார் திரும்பியிருந்தது, கீழே ஜல்லி, பயத்தில் முன் பிரேக்கை முழுசாகப் பிடித்துவிட்டேன். முன் சக்கரம் வழுக்கி, அவர் பல வருடமாகச் சொல்லிவந்த மாதிரியே விழுந்தேன். விழுந்ததற்கான காரணம் விழும்போதே எனக்குத் தெரியும். அதை விளக்கவும் செய்தேன், முற்றத்தில் உட்கார்ந்தபடியே, உள்ளங்கையில் ரத்தம் வடிய. அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. இன்றைக்கும் வகுப்புக்குள் நுழையும்போது எனக்கு முன்னால் அந்தச் சிரிப்புதான் உள்ளே போய் உட்கார்ந்திருக்கும்.

அன்று சிரிக்காதவள் சினார் மட்டும்தான். மேய்ச்சல் வெளிகளுக்குப் போய்க் குழந்தைகளுக்கு ஊசி போடுகிற சுகாதாரப் பணிப்பெண். அவள் வேலை பார்த்த நிலையத்தில் ஒரு வண்டி கொடுத்திருந்தார்கள், உரிமம் வாங்கத்தான் எங்களிடம் வந்தாள். குதிரையில் போனால் ஒரு பொழுது முழுக்கப் போய்விடுகிறது, அதற்குள் காய்ச்சல் முற்றிவிடுகிறது என்பாள். அன்று தன் பையில் இருந்து இடுக்கியை எடுத்து, என் உள்ளங்கையில் ஏறியிருந்த கற்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். "அக்கா, நீங்க சொன்னது சரின்னு எனக்குப் படுது. எனக்கு மட்டும் தனியா சொல்லித் தர்றீங்களா?" என்றாள்.

மாவு மில்லுக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தில் சாயங்காலங்களில் பழகினோம். அவள் ஏறி ஓட்டினாள், நான் பக்கத்தில் ஓடிக்கொண்டே சொன்னேன். பிறகு அவள் என்னை ஏற்றிவைத்துக் கற்றுக்கொடுத்தாள். ஆமாம், இன்று எனக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்றால் அது அவள் சொல்லிக் கொடுத்தது. கிளம்புவதற்கு முன் கைப்பிடியை அழுத்திக்கொண்டு வண்டியைத் தள்ளிப் பார்க்க வேண்டும், சக்கரம் நின்றால்தான் ஏற வேண்டும் என்று அவளுக்குச் சொல்லியிருந்தேன். ஒருநாளும் அவள் அதை மறந்ததில்லை. பால் கறப்பது மாதிரி என்று சொன்னதும் சட்டென்று பிடித்துக்கொண்டாள். நான் பார்த்தவரையில் இந்த ஊரில் யாரும் அவளைப்போல் அழகாக வண்டியை நிறுத்தியதில்லை. அதைச் சொல்வதற்கு எனக்குத் தகுதி இருக்கிறதா என்பதை நீங்கள் பிறகு முடிவு செய்துகொள்ளுங்கள்.

பாடம் முடிகிற நாளில் குபாத் அண்ணன் எல்லோரையும் கணவாய்க்கு மேலே கூட்டிப்போவது வழக்கம். உச்சியில் உட்கார்ந்து வெண்ணெய் ரொட்டியும் காய்ந்த தயிர் உருண்டையும் சாப்பிட்டுவிட்டு இறங்குவார்கள். அதைத் தாண்டினால்தான் ஓட்டுநர் என்று அவர் ஒத்துக்கொள்வார். நான் ஒரு தடவையும் போனதில்லை, யாரும் கூப்பிட்டதும் இல்லை.

அன்று காலை அவர் வழக்கம்போல் வண்டி வரிசையில் குனிந்து குனிந்து நட்டுகளைத் தளர்த்திக்கொண்டு போனதைப் பலரும் பார்த்தார்கள். உங்களிடமும் சொன்னார்கள். சினார் மேய்ச்சல் வெளிக்கு அப்படியே போய்விடுவதாக மருந்துப் பெட்டியைப் பின்னால் கட்டியிருந்தாள். எல்லோரும் எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டு வாசலில் காத்திருந்தார்கள். பெட்டியின் கயிற்றை இறுக்கிக்கொண்டே அவள் என்னிடம், "அக்கா, பிரேக் தள்ளிப் பாக்கணும்," என்றாள். "நான் பார்த்துட்டேன், ஏறு. உனக்காகத்தான் நிக்கிறாங்க," என்றேன். அவள் ஏறினாள். நான் பார்த்துவிட்டேன் என்று சொன்னது பொய் இல்லை. பார்த்திருந்தேன்.

ஏற்றத்தில் பிரேக்குக்கு வேலை இல்லை. உச்சியில் எல்லோரும் சாப்பிட்டார்கள். பிறகு நடந்தது அவர்கள் சொல்லி எனக்குத் தெரியும். குபாத் அண்ணன் சொன்னபடி எல்லோரும் நியூட்ரலில் போட்டார்கள். சினார் மாட்டேன் என்றாளாம். "என் வரிசைல எஞ்சின் சத்தம் கேக்கக் கூடாது" என்று அவர் பிடிவாதமாகச் சொல்லவும், சரி என்று அவளும் போட்டாளாம். அவருடைய முறையில் ஒரு புத்தி உண்டு. வளைவுக்கு வளைவு நிறுத்தி டிரம்மை ஆற வைத்துத்தான் இறக்குவார், அதனால்தான் இத்தனை வருடம் அவருடைய ஆட்கள் பிழைத்திருக்கிறார்கள். சினார் முதல் வளைவிலேயே நிற்கவில்லை. "நீங்க ஆற வைங்கண்ணே, எனக்குத்தான் மாமியார் இருக்காளே," என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போனாளாம். அதற்கும் எல்லோரும் சிரித்தார்களாம்.

ஆற்றுப் பக்கம் திரும்பும் வளைவில் அவள் திரும்பவில்லை. மருந்துப் பெட்டி கரையில் சிக்கிக்கொண்டது. அவளை அடுத்த நாள்தான் ஆற்றிலிருந்து எடுத்தார்கள். பின் டிரம் கருகியிருந்தது, முன் கேபிள் தளர்ந்து தொங்கியது. இரண்டையும் நீங்களே பார்த்தீர்கள்.

அவள் வீட்டு முற்றத்தில் கூடாரம் போட்டிருந்தார்கள். பெண்கள் உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள், நானும் வைத்தேன். சாவுக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கும் துணித்துண்டை அவள் அம்மா என் கையில் தானே வைத்து மூடினாள். "நீ ஒருத்திதான் எம்பொண்ணுக்கு உண்மையச் சொல்லிக் குடுத்தே. அந்தக் கிழவன் அத அவுத்து விட்டுட்டான்," என்றாள். நான் தலையாட்டினேன். அந்தத் துணி இன்னும் என் கோட்டுப் பையில் இருக்கிறது. வேண்டுமானால் எடுத்து வைக்கிறேன்.

குபாத் அண்ணன் உங்களிடம் என்ன சொன்னார் என்பது ஊருக்கே தெரியும். சினார் தன் வண்டியை மட்டும் விட்டுவிடச் சொல்லிக் கேட்டதாகவும், தானும் சரி என்றதாகவும் சொன்னார். ஆனால் இத்தனை வருடமாகத் திருகித் திருகிப் பழகிய கை, மனசு சொன்னதைக் கேட்காமல் தன் வேலையைச் செய்திருக்கும் என்றார். செய்ததாக அவருக்கு நினைவில்லை. செய்யவில்லை என்று சொல்லவும் அவருக்குத் துணிவில்லை. பழக்கத்தில் செய்வதை யார் நினைவு வைத்துக்கொள்கிறார்கள்? நீங்களும் அதை ஏற்றுக்கொண்டீர்கள். விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொல்லி அனுப்பினீர்கள்.

முந்தாநாள் அவர் என் வகுப்புக்கு வந்தார். கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றார். உள்ளே வரலாமா என்று என்னிடம் கேட்டார். என்னிடம் அவர் எதற்கும் அனுமதி கேட்டதில்லை. புது வகுப்பு அது, ஆனால் கரும்பலகை ஓரத்தில் யாரோ பழைய வழக்கப்படி அந்தக் குதிரையை வரைந்து வைத்திருந்தார்கள். அவர் நேராகப் போய்ச் சட்டைக் கையாலேயே அதை அழித்தார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பொண்ணு சொல்றதக் கேளுங்க. நான் சொன்னதெல்லாம் தப்பு. நான் ஒருத்தியக் கொன்னுட்டேன்."

அவர் என்னைப் பார்த்து, "மன்னிச்சுடும்மா," என்றார். தொப்பியைப் போட மறந்து, அதைப் பிடித்தபடியே வெளியே போனார்.

எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது ஐயா.

அதைச் சொல்லத்தான் நடந்தே வந்தேன். எவ்வளவு நேரம் இருந்தது என்று தெரியவில்லை, ஆனால் அது சந்தோஷம்தான், வேறு எதுவும் இல்லை. மாமாக்கள், தலைநகரம், முற்றத்து ஜல்லி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பதில் கிடைத்த மாதிரி இருந்தது. வகுப்பை முடித்தேன். கேள்விகளுக்குப் பதில் சொன்னேன். வீட்டுக்குப் போய் முகம் கழுவும்போது கண்ணாடியைப் பார்க்க முடியவில்லை. இன்றுவரை பார்க்கவில்லை. தலை கலைந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தக் காலையை முழுசாகச் சொல்கிறேன்.

குபாத் அண்ணன் நட்டுகளைத் தளர்த்திக்கொண்டே கொட்டகைப் பக்கம் வந்தபோது சினாரின் வண்டியருகே நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். அவள் தன் வண்டியைத் தொட வேண்டாம் என்று கேட்டாள். "மாமியாரோட சமாதானமாயிட்டியா? சரி, உன் பாடு," என்று அவர் கையை எடுத்துக்கொண்டார். அவர் அதைத் தொடவே இல்லை. போகும்போது என்னைப் பார்த்து, "பரவால்ல, உம் படிப்புக்கும் ஒரு ஆள் கெடச்சுட்டா. விழுந்தாலும் விளக்கம் சொல்லிக்கிட்டே விழுவா," என்றார்.

சினார் சிரித்துவிட்டாள்.

பெரிய சிரிப்பு இல்லை. வாயைக் கையால் மூடிக்கொண்டாள், உடனே என் தோளைத் தொட்டாள், "கோவிச்சுக்காதீங்கக்கா, சிரிப்பு வந்துடுச்சு," என்றாள். நான் கோபப்படவில்லை என்றேன். அவள் மருந்துப் பெட்டியை எடுத்துவர உள்ளே போனாள். நான் குனிந்து அந்த நட்டைத் திருகினேன். தளர்த்துவதற்கு ஸ்பேனர் எதுவும் வேண்டாம், விரலே போதும். கைப்பிடியை அழுத்திப் பார்த்தேன். அது எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போய் ஒட்டிக்கொண்டது. பார்த்துவிட்டேன் என்று பிறகு அவளிடம் சொன்னது இதைத்தான்.

இறக்கத்தில் எங்காவது தடுமாறுவாள், ஓரத்து மணலில் சாய்ந்து முழங்கால் சிராய்க்கும், முன் பிரேக் இல்லாமல் என்ன ஆகும் என்பதை எல்லோரும் ஒருநாள் கண்ணால் பார்க்கட்டும் என்று நினைத்தேன். இப்படித்தான் நினைத்தேன் என்று இத்தனை நாளும் எனக்கே சொல்லி வந்திருக்கிறேன். ஆனால் அந்தக் கணவாயின் சரிவையும், பாரம் ஏற்றிய வண்டியில் பின் டிரம் எந்த வளைவுவரை தாங்கும் என்பதையும் நான் வகுப்பில் கணக்காகவே போட்டுக் காட்டியிருக்கிறேன். ஆற்று வளைவு என்றுதான் விடை வந்தது. தெரியாது என்று சொல்ல எனக்கு வழியில்லை. மற்றவர்கள் முன் பிரேக்கை நம்பாததால் பிழைத்தார்கள். அவள் நம்பினாள். நம்ப வைத்தது நான்.

குபாத் அண்ணனைக் கூப்பிட்டு அவர் கை எதுவும் செய்யவில்லை என்று சொல்லிவிடுங்கள். நானே போய்ச் சொல்லலாம் என்று அவர் வீட்டு வாசல்வரை போனேன். உள்ளே யாரோ விக்கி விக்கி அழுதார்கள், திரும்பி வந்துவிட்டேன். சினாரின் அம்மாவிடம் யார் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வேலையை என்னிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

தேநீர் ஆறிவிட்டது. இனிமேல் கிண்ணத்தை நிறைத்தே ஊற்றலாம், நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். புது வகுப்பில் யாரும் சிரிப்பதில்லை. முதல் நாளில் இருந்தே முன் பிரேக்கை ஒழுங்காகப் பிடிக்கிறார்கள், கிளம்பும் முன் தள்ளிப் பார்க்கிறார்கள், இறக்கத்தில் கியரிலேயே வருகிறார்கள். நான் சொன்னது எல்லாவற்றையும் எழுதியாகிவிட்டதா என்று பாருங்கள். முன் பிரேக்கைப் பற்றி நான் சொல்லிக்கொடுத்தது சரிதான் என்பதை எங்காவது ஓர் ஓரத்தில் சேர்த்துவிடுங்கள்.